ஆண்டவர் வழியாக ஒரு சண்டை

கோரைப்பாயை உதறி விரிக்கும் சத்தம்... அது கேட்டால் எங்கள் வீட்டில் சண்டை தொடங்கப்போகிறது என்று அர்த்தம்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரே அறையும் ஒரு சமையல் மூலையுமாக வாடகை வீடு. என் வீட்டுக்காரர் நூல் மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்திலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். குளித்துவிட்டு வந்ததும் பாய் விரித்துக் குடும்ப ஜெபம். அவர், நான், எங்கள் மகள் ஜெசி.

நானும் அவரும் நேருக்கு நேர் சண்டை போட்டதே இல்லை. அக்கம்பக்கத்தில் அதற்காக எங்களுக்கு நல்ல பேர்கூட உண்டு. சண்டை முழுவதையும் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் போட்டோம் என்பது யாருக்குத் தெரியும்!

"ஆண்டவரே, சம்பளத்தன்னைக்கு நேரா வீட்டுக்கு வார புத்திய அவியளுக்குத் தாரும்" என்பேன். எதிரே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்கும். 'இரு, என் முறை வரட்டும்' என்று பொருள். ஆமென் சொன்ன பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. அது வீட்டுச் சட்டம்.

என் அம்மா வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். அங்கிருந்து சீதனமாக வந்த மிக்ஸி ஒருநாள் முனகிவிட்டு நின்றுபோனது. ரிப்பேர் கடையில் கொடுக்கலாம் என்றேன். ஃபிட்டருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏட்டி, மில்லுல அம்புட்டுப் பெரிய மெஷினையே பிரிச்சு மாட்டுதேன். இது என்ன பெரிய வித்தையா?"

பிரித்தார். மாட்டினார். இரண்டு திருகாணி மிஞ்சியது.

"அது சும்மா அழகுக்கு வச்சிருப்பான்" என்று அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தேங்காயையும் பொட்டுக்கடலையையும் போட்டு சுவிட்சைத் தட்டினார். மூடி ஒரு பக்கம் போனது. சட்னி மேலே போனது... ஃபேன் இறக்கை வரைக்கும்.

கைக்கு எட்டியதைத் துடைத்தேன். சாயங்காலம் ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று பகல் முழுக்கக் காத்திருந்தேன். சரியாகப் பாய் விரிக்கும் நேரம் பார்த்து, வாசலில் போதகர் ஐயா வந்து நின்றார்.

"இந்தப் பக்கம் வந்தேன். செத்த நேரம் உங்களோட ஜெபிச்சுட்டுப் போறேன்."

மரியாதைக்காக என் வீட்டுக்காரர் ஃபேனைப் போட்டார். காய்ந்த தேங்காய்த் துருவல் ஐயாவின் தோளில் உதிர்ந்தது. மில்காரர் வீடுதானே, பஞ்சு என்று நினைத்து அவர் தட்டிவிட்டார்.

"குடும்பத் தலைவர் ஆரம்பிக்கட்டும்" என்றார். ஐயா முன்னால் இன்றைக்கு அடக்கி வாசிப்பார் என்று நினைத்தேன்.

"அன்பின் பரலோகப் பிதாவே, எம்புட்டோ மெஷின ஓட வைக்க இந்தக் கைக்கு ஞானத்தக் கொடுத்தீரு, ஸ்தோத்திரம். ஆனா ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வந்த ஒரு மிக்ஸியத் தொட்டதுக்கு, காலையிலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிற ஆத்துமாவுக்கு மன்னிக்கிற மனசத் தாரும்..."

என்னால் பொறுக்க முடியவில்லை. ஆமெனுக்குக் காத்திராமல் நான் தொடங்கிவிட்டேன்.

"ஆண்டவரே, மன்னிச்சாச்சு. மில்லு மெஷினுக்கு மூடி கெடையாது, மிக்ஸிக்கு மூடி உண்டுங்கிற வெளிச்சத்த மட்டும் அவியளுக்குக் கொடும். திருகாணி மிஞ்சுனா அது ஆசீர்வாதம் இல்லன்னும் உணர்த்தும்."

அடுத்து ஜெசி. "ஏசப்பா, சட்னி என் பள்ளிக்கூடப் பையிலயும் விழுந்துச்சு. அத யாருமே கேக்கல."

இனி போதகர் ஐயாதான் ஜெபிக்க வேண்டும். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கடைசியில், "ஆண்டவரே, இந்த வீட்டுல உம்மோட நல்லாப் பேசுறாக. ஒருத்தரோட ஒருத்தரும் பேசக் கிருபை செய்யும்" என்று முடித்தார்.

எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது என் வீட்டுக்காரர்தான்.

ஐயா சொன்னாரே என்று ஒரு வாரம் நேரடியாகப் பேசிப் பார்த்தோம். சண்டை பெரிதானது. பழையபடி பாய்க்கே திரும்பிவிட்டோம். தொண்ணூறுகள் முழுக்க, அதற்குப் பிறகும் அப்படித்தான் ஓடியது. வருஷம் போகப் போக என் ஜெபத்தின் சத்தம்தான் கூடிக்கொண்டே போனது.

போன வருஷம் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

வந்தவர்கள் எல்லாரும் எனக்காக நன்றாக ஜெபித்தார்கள். எனக்குத்தான் ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே" என்று தொடங்குவேன். எதிரே செருமல் இருக்காது. அத்தோடு நின்றுவிடும். பயமாக இருந்தது... இத்தனை வருஷமும் நான் ஆண்டவரோடு பேசினேனா, இல்லை அந்த மனிதரோடு மட்டும்தான் பேசினேனா? அவர் போனதோடு என் விசுவாசமும் போய்விட்டதா? வெளியே யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் சட்னி அரைக்க சுவிட்சைப் போட்டேன். என்னை அறியாமல் இரண்டு கையாலும் மூடியை அமுக்கிப் பிடித்திருந்தேன். தேங்காய் உதிர்ந்த தோளோடு போதகர் ஐயா உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன். சிரிப்பு எங்கேயோ அழுகையாக மாறி, அங்கேயே நின்றபடி, "ஆண்டவரே, பாத்தீரா இந்த மனுசன் பண்ணுன வேலைய... சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாவளே. என்னன்னு கேளும்" என்றேன்.

அதன் பிறகு மளமளவென்று வந்துவிட்டது. அன்றைக்குச் சாதம் குழைந்ததுதான் மிச்சம்.

அப்போதெல்லாம் அவருக்குக் கேட்க வேண்டும் என்று ஆண்டவரைக் கூப்பிட்டேன். இப்போது அவருக்கு ஒரு சேதி சொல்ல ஆண்டவரை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அதனால் தினமும் சாயங்காலம் உட்கார்ந்துவிடுகிறேன். குறை, கோள், ஜெசி வீட்டு விசேஷம் எல்லாம் சொல்லியாகிறது. மனசு லேசாகிறது.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் முந்தாநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மெதுவாச் சொன்னாலும் ஆண்டவருக்குக் கேக்கும்லாம்மா?"

"ஆண்டவருக்குக் கேக்கும் தாயி. மில்லு சத்தத்துல காது போனது அவியளுக்குத்தான்" என்றேன்.