‘போட்டு’க்கும் ‘வாறன்’னுக்கும் நடுவில்

காலை ஏழு மணிக்கு நான் முதல் போன்ஜூர் சொல்வது ஒரு கல்லுக்கு. சிரிக்காதீர்கள். பாரிஸின் நடுவே இருக்கிற ஒரு பெரிய மியூசேயில், அதாவது அருங்காட்சியகத்தில், பழைய கிரேக்கக் கூடத்தைத் துடைக்கிற வேலை எனக்கு. அங்கே நிற்கிறவர்களில் பாதிப்பேருக்குத் தலை இல்லை, மீதிப்பேருக்குக் கை இல்லை. தெய்வங்களும் அதற்குள் அடக்கம். எங்கள் ஊரில் பின்னமான சிலையைக் கோயிலுக்குள் வைத்திருக்கமாட்டோம், கடலில் விட்டுவிடுவோம். இங்கே பின்னமானதற்குத்தான் கண்ணாடிப் பெட்டியும் காவலும். வந்த புதிதில் அது பெரிய புதினமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பழகாதது அந்த ஒரு கல் மட்டும்.

அது ஒரு கல்லறைக் கல், என் நெஞ்சளவு உயரம். இரண்டு பக்கமும் தூண், மேலே முக்கோணக் கூரை, ஒரு சின்னக் கோயில் முகப்பு. உள்ளே ஒருவர் கதிரையில் உட்கார்ந்து இருக்கிறார், ஒருவர் நிற்கிறார். இருவரும் வலக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அழுகை இல்லை, கட்டிப்பிடித்தல் இல்லை. காணி எழுதி முடித்துவிட்டுக் கைகொடுக்கிறவர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கூடத்துக் காவலாளி மதாம் கொலெத் என்பவர்தான் சொன்னார், அதில் ஒருவர் செத்தவர் என்று. யார் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். “மேலே பெயர்கள் மட்டும்தான் வெட்டியிருக்கிறது. எவர் போனவர், எவர் இருப்பவர் என்று படித்தவர்களே சண்டை பிடிக்கிறார்கள்.” ஒரு காலத்தில் இந்தக் கற்களுக்கெல்லாம் சிவப்பும் நீலமும் பூசியிருந்ததாம், மழை கழுவிவிட்டதாம். நான் எங்கள் கோபுரங்களை நினைத்துக்கொண்டேன்.

“உங்களுக்கு ஏன் இந்தக் கல்லில் இவ்வளவு பிரியம்?” என்று 2012இல் ஒருநாள் மதாம் கேட்டார். அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன், என் அண்ணன் ‘திஸ்பாரு’ என்று. காணாமல் போனவர் என்று அர்த்தம். மதாம் நெஞ்சில் கைவைத்து என் துக்கத்தில் பங்குகொள்வதாகச் சொன்னார். நான் பதறிப்போய், “நோன், நோன், செத்தவர் இல்லை. திஸ்பாரு!” என்றேன். “வீ, வீ, திஸ்பாரு,” என்று அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் மறுக்க மறுக்க அவர் ஆறுதல் சொன்னார். நாங்கள் ‘தவறிப்போனார்’ என்று சொல்வதில்லையா, அதுபோல, செத்தவரை மரியாதையாகச் சொல்வதற்கும் பிரெஞ்சுக்காரருக்கு அதே சொல்தான் என்று பத்து நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. மூன்று கிழமைக்கு முன்னர் அதே சொல்லை நான் வேறோர் இடத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அதைச் சொல்லமுன் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். 2009 மாசியில், யுத்தம் நடந்த வன்னியிலிருந்து அவர் தொலைபேசி எடுத்தார். எத்தனையோ பேர் வரிசையில் நிற்கிற சத்தம் பின்னால் கேட்டது. “நாங்கள் சுகம், பயப்பிடாதை. சரி தம்பி, ஆக்கள் நிக்கினம். போட்டு…” என்றார். லைன் அறுந்தது. எங்கள் ஆட்கள் எவரும் ‘போறன்’ என்று சொல்லி விடைபெறமாட்டார்கள், போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில் ‘போட்டு வாறன்’ என்பார்கள். எனக்குப் ‘போட்டு’ மட்டும்தான் வந்து சேர்ந்தது. வைகாசியில், ஷெல்லடிக்குள் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்த ஒரு வெட்டைவெளியில், அண்ணை போத்தலைத் தூக்கிக்கொண்டு, “பிள்ளையைப் பிடி, தண்ணியோடை வாறன்,” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணிக்குக் கிடைத்தது ‘வாறன்’. அதனால்தானோ என்னவோ, நான் பயந்துகொண்டே இருக்கிறேன், அண்ணி காத்துக்கொண்டே இருக்கிறார்.

அண்ணியும் அவர் மகள், என் பெறாமகள் ஆரணியும் 2012இல் வந்து, பாரிஸின் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். பத்திர வேலைக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. ஓர் அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் கணவரைப் பற்றிக் கேட்டாள். எனக்குத் தெரிந்த பெரிய சொல்லை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தாள். மதாமோடு கதைத்த அதே கிழமையில் கடிதம் வந்தது. அண்ணியின் பெயருக்கு முன்னால் ‘வெவ்’ என்று ஒரு சொல். பதினாலு வயது ஆரணி அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, விதவை எண்டு போட்டிருக்கு,” என்றாள். அண்ணி கடிதத்தை மடித்து என் கையில் தந்தார். “வன்னியிலை ஒருத்தரும் என்ரை பொட்டை அழிக்கேல்லை, தம்பி. நீர் பிரெஞ்சிலை அழிச்சுப்போட்டீர்.”

பத்திரம் பிறகு திருத்தப்பட்டது. அண்ணி அதற்குப் பிறகு ஒரு கந்தோர் அலுவலுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நெற்றியில் பொட்டு மட்டும் முன்பைவிடப் பெரிதானது. நானும் தொலைபேசி எண்ணை இன்றுவரை மாற்றவில்லை, அண்ணைக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான். புதைக்கப்படாதவர்களை ஓடக்காரன் மறுவுலகத்து ஆற்றைக் கடத்திவிடமாட்டான், அவர்கள் கரையிலேயே அலைவார்கள் என்று கிரேக்கர் நம்பினார்களாம். மதாம் விளையாட்டாய்ச் சொன்ன கதை. அன்றிலிருந்து ரெயர் தே ரயில் வந்து நிற்கிற கார் து நோர் நிலைய மேடை எனக்கு அந்தக் கரைபோல ஆகிவிட்டது. ஒருமுறை அங்கே ஓர் ஆளுக்கு அண்ணையின் பிடரி, அண்ணையின் நடை. ரயிலேறி, வில்லியே லே பெல் ஊர் பஸ்வரை பின்னாலேயே போனேன். அந்த ஆள் திரும்பி, “ஆரைத் தேடுறியள், அண்ணை?” என்றான். என்னை அண்ணை என்றான்.

மதாம் ஓய்வுபெறமுன் இன்னொரு கல்லில் இருந்த எழுத்தை வாசித்துக் காட்டினார். “கைரே. மகிழ்ந்திரு என்று பொருள். வருகிறவருக்கும் சொல்வார்கள், போகிறவருக்கும் சொல்வார்கள்.” எங்களிடமும் அப்படியொன்று இருக்கிறது என்று ‘போட்டு வாறன்’ சொல்லிக்கொடுத்தேன். கடைசி நாள் வரைக்கும் வேலை முடிந்து போகும்போதெல்லாம் “பொத்து வாரோன்” என்று கையசைத்தார். போனவர் வரவில்லைத்தான்.

இந்த வருடம் ஆரணிக்குக் கலியாணம். அழைப்பிதழ் அடிக்க, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு கடைக்கு அண்ணி என்னையும் வரச்சொன்னார். அத்தனை வருடத்துக்குப் பிறகு, எழுத்து விஷயத்துக்கு. கடைக்காரர் கணினித் திரையைத் திருப்பினார். “பொம்பிளையின்ரை தகப்பனுக்கு முன்னாலை ‘அமரர்’ போடுறதோ, ‘திரு’ போடுறதோ? கெதியாச் சொல்லுங்கோ அண்ணை, ஆக்கள் நிக்கினம்.”

ஆக்கள் நிக்கினம். என் காதுக்குள் அந்த லைன் திரும்பவும் இரைந்தது. ‘அமரர்’ போட்டால் அண்ணையை நானே கொன்றதாகும். ‘திரு’ போட்டால், அப்ப மணவறையில் தகப்பன் எங்கே என்று சனம் கேட்கும். அண்ணி திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “நீர் சொல்லும், தம்பி.”

“முன்னுக்கு ஒண்டும் வேண்டாம். தாய் தகப்பன் ரெண்டு பேரின்ரை பேரையும் பக்கத்திலை பக்கத்திலை போடும். சிவபாலன், மகேஸ்வரி. அவ்வளவுதான்.”

“மொட்டையாக் கிடக்குமே. விட்டுப்போச்சு எண்டு நினைப்பினம்.”

“நினைக்கட்டும்,” என்றார் அண்ணி. வெளியே வந்து வெற்றிலைக் கடை வாசலில் நின்று மூக்கைச் சீறினார். “இந்தமுறை சரியாச் சொல்லிப்போட்டீர்.”

அடுத்த நாள் காலை அந்தக் கல்லின் முன்னால் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றேன். இவ்வளவு காலமும் நிற்கிறவரைத்தான் அண்ணை என்று வைத்திருந்தேன், புறப்படுகிறவர் அவர் என்று. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாள் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பஸ் நிலையத்தில் வாங்கில் உட்கார்ந்து இருந்தபடி, எங்கள் வீட்டில் என்றுமில்லாத வழக்கமாக, அண்ணை வலக்கையை நீட்டினார். “வெள்ளைக்காரன்ரை நாட்டுக்கெல்லோ போறாய், இப்பவே பழகு.” சிரித்துக்கொண்டு கையைக் கொடுத்தேன். அவர் இருந்தார், நான் நின்றேன்.

“போட்டு வாறன், அண்ணை,” என்றேன் அன்று. முழுச் சொல்லையும் சொன்னவன் நான். இன்னும் வரவில்லை.