அறுபது கடந்தவர்களுக்கான கண்ணாடி

கொழும்பில் நான் வேலைக்கு நின்ற சாப்பாட்டுக்கடையை எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் எரித்துவிட்டார்கள். அகதிகளோடு கப்பலில் ஏறி வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது என்னிடம் ஒரு பையும் கொஞ்சம் சிங்களமும் இருந்தன. பையிலிருந்த இரண்டு சேர்ட்டும் ஒரு வருடத்தில் கிழிந்துபோயின. சிங்களம்தான் அதற்குப் பிறகும் பாவனைக்கு உதவியது.

அங்கும் இங்கும் அலைந்து கடைசியில் இறுப்பிட்டியில் ஒரு வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் ஒதுங்கினேன். குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவு வள்ளத்துக்குச் சாமான் ஏற்றுவேன். அது இல்லாத நாளில் யாருக்காவது வேலி அடைத்துக் கொடுப்பேன். சாய்ப்புக்கு வாடகை கிடையாது. அதற்குப் பதிலாகக் காலையும் மாலையும் கிணற்றில் தண்ணீர் அள்ளி வைக்க வேண்டும். அந்த வீட்டு மாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. கிணற்றுக்கட்டைக் கையால் தடவித் தடவித்தான் அவர் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். அதை ஒருநாள் பார்த்த பிறகு, வாளியை நானே கேட்டு வாங்கிவிட்டேன்.

மாமி தன் கண்ணில் குறை இருப்பதாக ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆட்டின் மேல் போய் மோதினால் ஆடு வந்து தன்மேல் மோதியது என்பார். தேநீரில் உப்பு விழுந்தால், கடைக்காரன் இப்போதெல்லாம் நல்ல சீனி தருவதில்லை என்பார். அவரைக் கிழவிபோல 'ஆச்சி' என்று கூப்பிட்டவர்களுக்கு அந்த வீட்டில் செம்புத் தண்ணீரும் கிடைக்காது.

மாமியின் புருஷன், வீட்டுக்காரர், வேறு விதமான மனிதர். சுருட்டு சுற்றி வந்த கடதாசியைக்கூட விரித்து, கடைசி எழுத்துவரை வாசித்துவிட்டுத்தான் எறிவார். அரசாங்கத்துக்குப் பொய் சொல்லக்கூடாது என்பது அவருக்கு ஒரு விரதம் மாதிரி. கூப்பனுக்கு அரிசி தந்த காலத்தில் அவருடைய தாயார் இறந்தபோது, மறுநாளே தாயாரின் கூப்பனைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாராம். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியும்வரைக்காவது அதை வைத்திருந்திருக்கலாம் என்று மாமி முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, கிராம அலுவல் பார்க்கிற விதானையாருக்கு ஒரு சுற்றுநிருபம் வந்தது. வயது போனவர்களின் வைத்தியத்துக்கு அரசாங்கம் எந்தச் செலவையெல்லாம் பொறுப்பெடுக்கும் என்ற விபரம் அதில் இருந்தது. முழுவதும் சிங்களம். விதானையார் அதை இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிங்கள எழுத்தைக் கடைப் பலகைகளிலும் பஸ் நெற்றியிலும் பார்த்துப் பழகியவன். ஆனாலும் கதிரை தந்து, தேநீர் தந்து, "வாசியும்" என்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

விளங்கியதைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கண்புரையை வெட்டுவதற்கு எந்த வயதிலும் காசு கட்டத் தேவையில்லை. அது முன்பே எல்லோருக்கும் தெரியும். வெட்டிய பிறகு போட வேண்டிய தடித்த கண்ணாடியைத்தான் கைக்காசில் வாங்க வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் வெட்டியும் பயனில்லை, எல்லாம் கலங்கலாகவே தெரியும். அறுபது கடந்த, வசதியில்லாத ஆளென்று விதானையார் எழுதிக் கொடுத்தால் இனி அந்தக் கண்ணாடியை அரசாங்கமே தரும். நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் பஸ் காசும் உண்டு. பல்லுக்கு ஒன்றுமில்லை. காதுக்கும் ஒன்றுமில்லை.

இதை நான் துறைமுகத் தேநீர்க்கடையில் ஒருமுறை சொன்னதுதான். அடுத்த நாளிலிருந்து நான் பெரிய அதிகாரி. ஒருவர் வந்து, பல்லுக்கு ஏன் இல்லை என்று என்னோடு சண்டை பிடித்தார். இன்னொருவருக்குக் கண்ணில் ஒரு பழுதும் கிடையாது. வெட்டாமல் கண்ணாடியை மட்டும் தருவார்களா என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தேநீர் என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சரியான நித்திரை இல்லை.

மாமியின் விஷயத்துக்கு வருகிறேன். பட்டியல் வெள்ளிக்கிழமை போக வேண்டும். அடுத்த பட்டியல் எப்போது என்று விதானையாருக்கே தெரியாது. சண்டையால் றோட்டு எப்போது மூடும், வள்ளம் எப்போது நிற்கும் என்று தெரியாத காலம் அது. கண்ணாடிக்கு விற்பதற்கு வீட்டில் மிச்சமாக இருந்தது அந்த ஆடு ஒன்றுதான், அதுவும் கிழட்டு ஆடு. மாமிக்கோ வயது ஐம்பத்தைந்து என்று ஊர் முழுக்கத் தெரியும். வீட்டுக்காரருக்கு ஐம்பத்தெட்டு. இன்னும் ஐந்து வருடம் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போன நேரம், மாமி கிணற்றடிக்கு வந்தார். சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்திருந்தார்.

"தம்பி, ஒரு கடதாசி இருக்கு. இதை வாசிக்கவேணும். வாசிச்சுப்போட்டு மறந்துபோகவேணும்."

பழுப்பேறிய பிறப்புப் பத்திரம். கூறைச்சேலையின் மடிப்புக்குள் கிடந்திருக்கிறது. கற்பூர வாசம் அடித்தது. வாசித்தேன். விரலை மடக்கி எண்ணினேன். மாமிக்கு வயது அறுபத்தொன்று.

நடந்ததை அவரே சொன்னார். கலியாணம் பேசும்போது அவருக்கு இருபத்தேழு, மாப்பிள்ளைக்கு இருபத்துநாலு. எங்கள் பக்கத்தில் சாதகக் குறிப்புப் பொருத்தம் பார்க்காமல் கலியாணம் நடக்காது. மாப்பிள்ளையைவிடப் பெண் மூப்பென்றால் பொருத்தம் பார்க்கவே எடுக்கமாட்டார்கள். தரகரும் மாமியின் தகப்பனுமாகச் சாத்திரியாரைப் பிடித்துப் புதுக் குறிப்பு ஒன்று எழுதுவித்தார்கள். மூன்று வயதைக் குறைத்தால் சமவயது, மரியாதைக்காக இன்னும் மூன்று. ஆக ஆறு வயது. கிரகங்களையும் அதற்கேற்ற மாதிரி நகர்த்தி வைத்தார்களாம். புதுக் குறிப்புக்குப் பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பொருந்தியது. முப்பத்துநாலு வருடமாக அந்த மனிதர், தான் ஒரு சின்னப்பெட்டையைக் கட்டியதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பத்திரத்தை இரகசியமாக விதானையாரிடம் கொண்டுபோனால் என்ன என்று மாமி கேட்டார். அது ஏலாத காரியம். குடும்பத்துக்கு ஒரு படிவம். புருஷன் வயதும் பெண்சாதி வயதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். கீழே குடும்பத் தலைவர் கையெழுத்து வைக்க வேண்டும். சுருட்டுக் கடதாசியையே வாசிக்கிற மனிதர் இதை வாசிக்காமல் விடுவாரா?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன். படிவத்தில் உண்மையான அறுபத்தொன்றை எழுதுவோம், கண்ணாடி எடுப்பதற்காகப் பொய் வயது போட்டிருக்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவோம். உண்மையும் பதியப்படும், குறிப்பும் காப்பாற்றப்படும். மாமிக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. கிணற்றுக்கட்டில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

அந்த மனிதரின் கூப்பன் விரதத்தை நாங்கள் இருவருமே மறந்துபோனோம்.

பின்னேரம் படிவத்தை நீட்டினேன். அவர் மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தார். வயதுக்கு வந்ததும் நின்றார்.

"அறுபத்தொண்டோ? அவவுக்கு ஐம்பத்தைஞ்செல்லோ?"

"ஓம் ஐயா. அறுபது தாண்டினால்தான் கண்ணாடி. அதுதான் ஆறு வயசு கூட்டிப் போட்டனான்."

பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்தினார்.

"பொய் சொல்லி வாங்கின கண்ணாடியாலை எதைப் பாக்கிறது? நான் இதிலை கையெழுத்து வைக்கமாட்டன்."

குசினிக்குள் சட்டி ஒன்று விழுந்தது. ஆடு வந்து தட்டியது என்று மாமி உள்ளேயிருந்து சொன்னார். ஆடு அப்போது என் காலடியில் படுத்திருந்தது.

அன்றைக்கு எவ்வளவோ கதைத்துப் பார்த்தேன். மனுசன் அசையவில்லை. போதாக்குறைக்கு, வேறு யாராவது இந்தப் பொய்யோடு படிவத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து, மறுநாள் காலையிலேயே தானே விதானையாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடப் புறப்பட்டார். படிவத்தையும், உண்மைக்குச் சாட்சியாக அலுமாரியிலிருந்து மாமியின் குறிப்பையும் எடுத்துக்கொண்டார்.

சைக்கிள் படலையைத் தாண்டியதும் மாமி பத்திரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். நான் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு பாதித் தூரம் போய்விட்டார். வேலி முடிந்த இடத்தில் நின்று, எனக்காகக் காத்திராமல், யாரோ பொதுவான ஒரு ஆளைக் கூப்பிடுவது போல, "ஆரும் நிக்கிறியளோ?" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அவர் என் விரல்களை விடாமல் இறுக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடி கிடைக்காது என்ற பயமா, வீட்டில் சோறு கிடைக்காது என்ற பயமா என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விதானையார் வீட்டு விறாந்தையில் குறிப்பு மேசைமேல் விரித்துக் கிடந்தது. விதானையார் படிவத்தில் மாமியின் பெயரை வெட்டுவதற்குப் பேனையைத் தூக்கியிருந்தார். மாமி தடவிப்பார்த்து மேசையைக் கண்டுபிடித்து, குறிப்பின் மேல் பத்திரத்தை வைத்தார்.

"படிவத்திலை இருக்கிறது பொய்யில்லை. இந்தக் குறிப்புத்தான் பொய். என்னைப் பெத்த ஐயா செய்விச்சவர். எனக்கும் தெரியும்."

வீட்டுக்காரர் பத்திரத்தை எடுத்து வாசித்தார். பதிவாளரின் முத்திரையையும் வாசித்தார். மறுபக்கம் திருப்பி, அங்கே ஒன்றுமில்லை என்பதையும் பார்த்தார். விதானையாரும் நானும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தோம். மாமிக்கு அவர் முகம் தெரியாது. அதனால் சத்தம் வருகிற பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்காரர் பத்திரத்தைக் குறிப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, விதானையாரைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப என்ரை வயசை அறுபத்திமூண்டெண்டு மாத்தி எழுது."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. தாயின் கூப்பனைத் திருப்பிக் கொடுத்த மனிதர் அரசாங்கப் படிவத்தில் ஐந்து வயதைக் கூட்டச் சொல்கிறார். விதானையார் பேனையைக் கீழே வைத்தார்.

"நீயும் நானும் ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். நீ அறுபத்திமூண்டெண்டால், நான் மூண்டு வரியமாக் கள்ளச் சம்பளமெல்லோ எடுக்கிறன்? எனக்கு அறுபதோடை பென்சன். அது ஏலாது."

"அவ அறுபத்தொண்டு, நான் ஐம்பத்தெட்டெண்டு பக்கத்திலை பக்கத்திலை எழுதி, அதுக்குக் கீழை நான் கையெழுத்து வைக்கிறதோ? கந்தோரிலை வாசிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"கந்தோரிலை உன்னை ஆர் தெரியும்?"

"என்னை எனக்குத் தெரியுமெல்லோ."

மாமி விரல் நுனியால் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார், கிணற்றுக்கட்டைத் தடவுவது போல. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. சுற்றுநிருபத்தை எடுத்து, நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: அறுபதுக்குக் குறைந்த ஆட்களின் வயதை எழுத வேண்டிய அவசியமில்லை, கோடு போட்டு விடலாம் என்று இதில் இருக்கிறது.

அப்படி ஒரு வரி அதில் இல்லை. நான் விரல் வைத்த இடத்தில் இருந்தது அச்சடித்தவர்களின் விலாசம்.

விதானையார் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரரின் வயதுக்கு நேரே, அடிமட்டம் வைத்து, ஒரு வடிவான கோடு போட்டார். எல்லாக் கடதாசியையும் வாசிக்கிற மனிதர் அன்றைக்கு அந்த வரியைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. கையெழுத்தை மட்டும் வைத்துவிட்டு, குறிப்பைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு கிழமை நான்தான் தபாற்காரன். தேநீர் வேணுமோ என்று கேளும் என்பார் அவர், பக்கத்தில் மாமி இருக்கும்போதே. நேரே கதைக்க வேண்டி வந்தால், மூத்தவர்களோடு கதைப்பதுபோல "நீங்கள்" என்று கூப்பிட்டுக் குத்துவார். மாமி அதற்கு, "சொல்லும் தம்பி" என்பார். என்னைப் பார்த்தல்ல, அவர் பக்கம் திரும்பி. அப்போது மட்டும் மாமியுடைய வாய் சிரிப்பை அடக்குவது போல ஒரு பக்கம் கோணும்.

பட்டியலில் பெயர் வந்தது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு வீட்டுக்காரரே கூட்டிக்கொண்டு போனார். அரசாங்கம் தந்த பஸ் காசில் மிஞ்சிய சில்லறையைத் திரும்ப விதானையாரிடம் கொண்டுவந்து கொடுத்தார். கட்டு அவிழ்த்து, புண் ஆறி, கண்ணாடி வர மூன்று மாதம் போயிற்று. போத்தல் அடி போலத் தடித்த கண்ணாடி.

அதைப் போட்டுக்கொண்டு மாமி விறாந்தைக் கதிரையில் இருந்தார். முதலில் ஆட்டைப் பார்த்தார், பிறகு என்னை. இவ்வளவு கறுப்பென்று நினைக்கவில்லை என்றார். பிறகு வீட்டுக்காரரைக் கிட்ட வரச் சொன்னார். ஐந்தாறு வருடமாக அந்த முகத்தை அவர் பார்த்திருக்கவில்லை. நெற்றி, கன்னம், காதோர நரை என்று ஒவ்வொரு இடமாக நேரமெடுத்துப் பார்த்தார்.

"நான் வீணாய்ப் பயந்துபோட்டன்," என்றார். "இந்த முகத்தைப் பாத்தால் நீங்கள்தான் எனக்கு மூப்பு. குறிப்பிலை இருக்கிறது சரிதான்."

அவர் கோபிக்கப்போகிறார் என்று நான் எழும்பத் தயாரானேன். அவரோ தன் கன்னத்தைத் தடவிப்பார்த்துக்கொண்டு, "மெய்யே?" என்று கேட்டார்.

பின்னேரம் குறிகட்டுவானில் வள்ளம் பார்த்துக்கொண்டு நின்றவர்களிடம், பெண்சாதிக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, ஒரு பழுதுமில்லை, சரியாகப் பார்க்கிறா என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.