வாசலை மறித்து நின்ற கார்

கர்த்தருடைய பிள்ளைகளே, எனக்கு இனிமையாகச் சாட்சி சொல்லத் தெரியாது. நடந்ததை நினைத்தால் இன்றும் கோபம்தான் முதலில் வருகிறது, கண்ணீர் அப்புறம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி இருக்கிறது. பெருவெள்ளத்தில் கீழ்த்தளம் மூழ்கி, என் கல்யாணப் புடவை வரைக்கும் சேறானது. அதிலிருந்து எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே புத்தி: எதையும் மேலே ஏற்று. பத்திரம், சான்றிதழ், மருந்து எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து மாடி அறைப் பரணுக்குப் போயின. என் வீட்டுக்காரர் தேவராஜுக்குப் பக்கவாதம் வந்து இடது கை கால் விழுந்துபோனபோது, அவருடைய கட்டிலையும் மாடிக்கே ஏற்றினேன். தண்ணீர் வந்தபிறகு யார் அவரைத் தூக்குவது? சபையில்கூட என் முன்யோசனையை மெச்சினார்கள். மெச்சி என்ன பிரயோஜனம், வந்தது தண்ணீர் இல்லையே.

போன கோடையில் ஏரி வற்றி, கோரையும் முள்ளும் காய்ந்து கிடந்தன. எந்தப் புண்ணியவானோ குப்பையைக் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறான். மத்தியானம் காற்று எழும்பியது. ஜன்னலைத் திறந்து பார்த்தால் பின்பக்கம் முழுக்க நெருப்பு, எங்கள் மதிலை நோக்கி வருகிறது. கரண்ட் போய்விட்டது. தெருவே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியது. வருஷக்கணக்காக என் வீட்டுக் கேக்கைத் தின்றவர்கள் ஒருவரும் மாடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ரோடு அடைத்துக் கிடக்கிறது, எப்போது வரமுடியும் என்று தெரியாது என்றார்கள்.

எதிர்வீட்டுக் குணசேகரனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தன் வாசலில் வெயில் அடிக்கிறது என்று தினமும் என் வேப்பமர நிழலில், என் கேட்டை மறித்துக் காரை நிறுத்துகிற மனுஷன். கேட்டால், "ரோடு இன்னா உங்க பேர்ல பட்டா போட்டு கீதா?" என்பார். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் தொடங்கினால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அவர் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்காது.

பரணில் ஏறி மருந்துப் பையை இழுப்பதற்குள் அறையில் புகை நிறைந்துவிட்டது. இவரைப் பிடித்துத் தூக்கினேன். அசைக்க முடியவில்லை. இரண்டு பேரும் கீழே விழுந்தோம். இவர் குழறிக் குழறி, "நீ போ, கிரேஸு" என்றார். இவரைக் கண்டபடி திட்டினேன். பிறகு தரையில் உட்கார்ந்தபடியே ஆண்டவரிடம் சத்தம் போட்டேன். யாரையாவது அனுப்பும், அந்தக் குணசேகரனைத் தவிர யாரை வேண்டுமானாலும் அனுப்பும் என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் ஜெபித்தேன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றது அதே மனுஷன்.

"இன்னா டீச்சர், உக்காந்துகினு கீற? கால் பக்கம் புடி. ஜெபத்தை அப்பால வச்சுக்கலாம்."

இவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, புடவையால் கட்டி, இரண்டு பேருமாக இறக்கினோம். வழியெல்லாம் குணசேகரன் என்னைத் திட்டினார்: நடக்க முடியாத மனுஷனை எவனாவது மாடியில் வைப்பானா என்று. நானும் விடவில்லை, பதிலுக்குப் பதில் பேசினேன். கேட்டைத் திறந்தால், வழக்கம்போல அடைத்துக்கொண்டு அந்தக் கார். எடுக்கச் சொல்லி நான் வருஷக்கணக்காகக் கத்திய கார். கதவைத் திறந்து இவரை அப்படியே உள்ளே சாய்த்தோம். தெருவில் அதைத் தவிர வேறு வண்டியே இல்லை. இன்னும் பத்தடி தள்ளி நின்றிருந்தால்கூட இவரைத் தூக்கிப்போக என் கையில் பலம் இருந்திருக்காது.

தீயை அணைத்தபிறகு வந்து பார்த்தோம். மாடி ஜன்னல் வெடித்திருந்தது. இவருடைய கட்டில் எரிந்து இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இவர் இல்லாமல் நான் என்ன செய்திருப்பேன், ஆண்டவரே!

இப்போது இவர் கட்டில் கீழே, கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மருந்தும் பத்திரமும் ஒரே பையில், கதவுக் கொக்கியில் தொங்குகின்றன. மழைக்கு வேறு ஏற்பாடு, நெருப்புக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பது, பள்ளிக்கூடத்தில் நாற்பது வருஷம் பாடம் நடத்திய எனக்கு இப்போதுதான் உறைத்தது. நீங்களும் இன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆபத்தில் ஆண்டவரைக் கூப்பிடுங்கள், நிச்சயம் கேட்பார். யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

குணசேகரன் திருந்தவில்லை. வெள்ளிக்கிழமை டிவி இன்னும் அலறுகிறது. நானும் போய்ச் சண்டை போடுகிறேன். ஆனால் காரை எடுக்கச் சொல்வதை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டு இன்னொரு சாவி இப்போது அவரிடம்தான் இருக்கிறது.