மாமாவின் இடது கண்ணும் நான் ஜெயித்த ஆட்டமும்

இந்த டிசம்பரில் எங்கள் வீட்டு வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் ஏறவில்லை. அம்மா பரணிலிருந்து அட்டைப் பெட்டியை இறக்கினாள். தூசி தட்டினாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு அப்படியே திரும்ப மேலே ஏற்றிவிட்டாள். அப்பா ஸ்டூலில் ஏறி நட்சத்திரம் கட்டும்போது கீழே நின்று, "இன்னும் இடது பக்கம் அத்தான், இன்னும் கொஞ்சம்" என்று தெருவே கேட்கக் கத்துகிற ஆள் மாமாதான். இந்த மழைக்காலத்தில் ஒரு காலையில், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அவரைப் பற்றி நல்ல நல்ல விஷயங்களாகச் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மாமாவை நினைத்தாலே எனக்கு வருவது ஒரு டிசம்பர்தான். அந்த மாதம் ஒரு வாரம் போல நான் அவரை ஓர் ஆட்டத்தில் தோற்கடித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது.

மாமா அம்மாவின் தம்பி. தூத்துக்குடிப் பக்கம் இருந்து ஒரு தையல் மெஷினோடு டெல்லிக்கு வந்தவர், முனிர்காவில் எங்கள் ஒரே அறையில் எங்களோடு தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது நானா, கதவில் தொங்கும் சட்டையா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் தைத்த தையலில் யாரும் குறை சொன்னதில்லை. எங்கள் தமிழ்ச் சபையில் கிறிஸ்மஸ் வந்தால் பாதிப் பிள்ளைகளின் கவுனும் பாதி அக்காமார்களின் ஜாக்கெட்டும் அவர் மெஷினில்தான் பிறக்கும். டிசம்பரில் எங்கள் அறையில் கால் வைக்க இடம் இருக்காது. கட்டில் முழுக்கத் துணி, துணிக்கு நடுவில் நான்.

அந்த வருஷம் முதலில் சண்டை நட்சத்திரத்தில்தான் ஆரம்பித்தது.

அப்பா ஏசி மெக்கானிக். குளிர்காலத்தில் அவருக்கு வேலை இருக்காது. அந்தச் சும்மா இருக்கிற கையை எல்லாம் நட்சத்திரத்தில் காட்டுவார். சீரியல் பல்பை அவரே கோத்து, அவரே ஒயர் முறுக்கி, வாசலுக்கு மேலே கட்டுவார். கட்டிய மறுநாள் மாமா மெஷினில் இருந்தபடி சொன்னார்.

"அத்தான், ஒங்க ஸ்டார் விட்டு விட்டு எரியுது. இடது பக்கம் வெட்டு வெட்டுன்னு வெட்டுது."

"என் கனெக்சன்லயா? ஏ மாப்ள, எவன்கிட்ட சொல்லுத? டெல்லி பூரா ஏசி மாட்டுனவன் நான்."

அப்பா வெளியே போய்ப் பார்த்தார். நட்சத்திரம் அசையாமல் எரிந்தது. உள்ளே வந்தார். மாமா மறுபடி, "இந்தா, இப்ப வெட்டிச்சு பாருங்க" என்றார். அப்பா கோபத்தில் பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

"இப்ப?"

மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப... இல்ல அத்தான்" என்றார்.

அவர் அப்போது தலையை மெதுவாகத் திருப்பி வாசலைப் பார்த்தார். அணைந்துபோன நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்தார். நானும் அப்பாவோடு சேர்ந்து சிரித்தேன்.

அடுத்து கொசு. மாமா தைத்துக்கொண்டே முகத்துக்கு முன்னால் கையை வீசுவார். "சே, இந்தக் கொசு!" என்பார்.

"டெல்லிக் குளிர்ல கொசுவா?" என்று அம்மா அடுப்படியில் இருந்து கேட்பாள். "ஏல, அதுவும் ஸ்வெட்டர் போட்டுட்டு வந்திருக்கோ?"

"ஒனக்கு எல்லாம் கேலிதான் யக்கா."

அதற்கப்புறம்தான் ஆட்டம் வந்தது. மாமாவே கண்டுபிடித்த ஆட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, ஒரு வெளயாட்டு. நான் இப்டி நேரா அந்தச் சுவத்து ஆணியவே பாத்துட்டு இருப்பேன். வலது கண்ண இந்தக் கையால பொத்திக்கிடுவேன். நீ வாசல்ல இருந்து, என் இடது பக்கமா, மெள்ள மெள்ள வரணும். கையத் தூக்கி வெரல ஆட்டிக்கிட்டே வரணும். ஒன் வெரலு தெரிஞ்ச ஒடனே பிடிச்சேன்னு சொல்லுவேன். நீ அங்கயே நின்னுரணும்."

"தெரியாம வந்துட்டா?"

"நீ ஜெயிச்ச. ஆரஞ்சு மிட்டாய்."

நான் நின்ற இடத்தில், என் கால் விரலுக்கு முன்னால், தையல் சாக்கட்டியால் சிமெண்ட் தரையில் ஒரு கோடு போடுவார். முதல் நாள் நான் வாசல் நிலையைத் தாண்டி இரண்டு எட்டு வைப்பதற்குள் பிடித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. மறுநாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தேன். அதற்கு மறுநாள் மூச்சை அடக்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு நாளும் நான் கொஞ்சம் கொஞ்சமாக அவரை நெருங்கினேன். கோடு வாசலை விட்டு, கட்டில் காலுக்கு வந்தது. கட்டில் காலிலிருந்து மெஷினின் சக்கரத்துக்கு வந்தது. நான் பூனை மாதிரி நடக்கக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் எதிலும் ஜெயிக்காதவள் நான். வீட்டில் தினமும் முந்தின நாள் கோட்டைத் தாண்டி ஜெயித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் மாமா கோடுகளைக் குனிந்து பார்ப்பார். ரொம்ப நேரம் பார்ப்பார். அம்மா தரை துடைக்க வந்தால், "அங்கன மட்டும் தொடைக்காத யக்கா" என்பார். என் வெற்றியை அழிக்கக்கூடாது என்றுதான் சொல்கிறார் என்று எனக்குப் பெருமை.

ஒருநாள், என் விரல் அவர் மூக்குக்குக் கொஞ்சம் தள்ளி வந்தபிறகுதான் அவர் "பிடிச்சேன்" என்றார். மிட்டாயை டப்பாவோடு என் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் எங்கள் சபை கேரல் பாடப் போனது. டெம்போ ஒன்று பிடித்து, டோலக், கிட்டார், பத்துப் பதினைந்து பேர் என்று ஏறிக்கொண்டு, தமிழ்க்காரர் வீடுவீடாகப் போய்ப் பாடுவோம். கிறிஸ்மஸ் தாத்தா எப்போதும் மாமாதான். சிவப்புச் சட்டையும் பஞ்சு வைத்த தொப்பியும் அவரே தைத்தது. கண்ணாடிக்கு மேலே முகமூடி. வயிற்றில் என்னுடைய தலையணை.

கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸில் ஒரு நர்ஸக்கா இருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. ஜாக்கெட் தைக்க மாமாவிடம்தான் வருவார்கள். அவர்கள் வீட்டுக்குள் நுழையும்போதே தாத்தா இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் ஆடினார். ஆடிய வேகத்தில் இடது கை பட்டு, மேஜையில் இருந்த அச்சுமுறுக்குத் தட்டு பறந்தது. இன்னும் பெரிய சிரிப்பு. தாத்தா வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்து ஒரு சின்னப் பையன் கைதட்டினான்.

நான் நர்ஸக்கா பக்கத்தில் நின்று முறுக்குத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை.

"மாமாவுக்கு இடது பக்கம் ஒண்ணுமே தெரியாதுக்கா. நான்தான் தெனமும் ஜெயிக்கேன். இன்னிக்கு மூக்குக்கிட்ட வர போயிட்டேன். அதுவரைக்கும் கண்டே பிடிக்கல!"

நர்ஸக்கா என்னைப் பார்த்தார்கள். "எப்படி ஜெயிச்ச? சொல்லு" என்றார்கள். நான் ஆட்டத்தை அப்படியே செய்து காட்டினேன், ஒரு கண்ணைப் பொத்தி, விரலை ஆட்டி, சாக்கட்டிக் கோடுகள் உட்பட. பாதியிலேயே அவர்கள் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். டோலக் மட்டும் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது. நேராகப் போய்த் தாத்தாவின் முகமூடியைக் கழற்றினார்கள். உள்ளே மாமா வேர்த்துப்போய் நின்றார்.

"தம்பி, கண்ணுல வெளிச்சம் வெட்டுதா?"

மாமா தலையைக் குனிந்தார். "அது... கண்ணக் கசக்குனா எல்லாருக்கும் பூச்சி பறக்கும்லக்கா."

"கசக்குனா வரட்டும். நான் கேக்கது தானா வருதான்னு."

"இருட்டுல வரும். தலையத் திருப்புனா வரும்."

"ஒரு கண்ணுலயா, ரெண்டுலயுமா?"

"இடதுல மட்டும்."

"எங்கம்மைக்குத் தலவலி வந்தா ரெண்டு கண்ணுலயும் நெளிஞ்சு நெளிஞ்சு வெளிச்சம் ஓடும், அர மணி நேரத்துல போயிரும். அது வேற. ஒனக்குக் கருப்பா ஏதாவது மெதக்குதா? பூச்சி மாதிரி, நூல் மாதிரி?"

அம்மா அப்போதுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். "கொசுன்னானேக்கா... ஸ்வெட்டர் போட்ட கொசுன்னு நான் கேலி பண்ணுனேனே..."

"எப்பத்துல இருந்து?"

"டிசம்பர் பொறந்ததுல இருந்துக்கா. இப்ப அஞ்சாறு நாளா ஓரத்துல ஒரு படுதா மாதிரி. மொதல்ல ஓரமாத்தான் இருந்துச்சு. உள்ள உள்ள வருது." மாமா தொப்பியைக் கழற்றினார். "வலி ஒண்ணும் இல்லக்கா. வலி இல்லாததால சரியாயிரும்னு..."

"வலிக்காது. அதான் எல்லாரும் வீட்டுலயே இருந்துருதாவ. ஒன்ன மாதிரி சோடாபுட்டிக்குத்தான் இது ரொம்ப வரும். வெளிச்சம் புதுசா வெட்டுனா அன்னைக்கே டாக்டர்கிட்ட போவணும். படுதா விழுந்துட்டா ஒரு நாள்கூட உக்காரக்கூடாது. நீ பிள்ளய வச்சு கோடு போட்டு வெளயாண்டுட்டு இருந்திருக்க!"

"பிள்ளையளுக்குக் கவுனு பாதில கெடக்குக்கா. கிறிஸ்மஸ் முடிஞ்சதும் போயிருதேன்."

"அடுத்த கிறிஸ்மஸுக்குத் தைக்க ஒனக்குக் கண்ணு வேணுமா வேண்டாமா? நட!"

டெம்போ அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. என்னை வீட்டில் விட ஆளில்லாததால் நானும் போனேன். வழியெல்லாம் பனிமூட்டம். யாரும் பாடவில்லை. எனக்கு ஒரே கோபம். இன்னும் ஐந்து வீடு இருந்தது, ஐந்து வீட்டிலும் கேக் இருக்கும்.

மாமாவுக்குச் சட்டை மாற்றக்கூட நேரமில்லை. சிவப்புச் சட்டையும் கருப்பு பெல்ட்டுமாக அவசரப் பிரிவுக்குள் நுழைந்தார். வாசலில் இருந்த காவலாளி எழுந்து, "அரே சாண்டா ஜி! மேரா கிஃப்ட்?" என்று தன் பரிசைக் கேட்டார். உள்ளே கண்ணில் கட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டிருந்தாள். மாமாவைக் கண்டதும் நிறுத்திவிட்டாள். மாமா என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தார். நான் கொடுக்க மாட்டேன் என்று பின்னால் மறைத்தேன். "ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினார். கொடுத்தேன். அவர் அந்தப் பெண்ணுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு, சாண்டா மாதிரியே, ஹோ ஹோ என்று சிரித்தார்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு விட்டு, விளக்கு அடித்து அடித்துப் பார்த்தார்கள். டாக்டர் இந்தியில் சொன்னதை மாமாவே வெளியே வந்து அப்பாவுக்குத் தன் பாஷையில் சொன்னார்.

"கோட்டுக்குள்ள லைனிங் துணி இருக்கும்லா அத்தான், அது தையல் விட்டுக் கழண்டு வர்ற மாதிரி கண்ணுக்குள்ள இருக்க திரை கழருதாம். நடு மத்தியில இன்னும் கழரலயாம். அது கழரதுக்குள்ள வந்துட்டீங்கன்னு சொல்லுதாரு. நாளைக்கே ஆப்ரேசன்."

அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "என் கனெக்சன்ல கொறையில்லன்னு அன்னைக்கே சொன்னேன்ல மாப்ள" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆப்ரேஷன் முடிந்து வந்தவர் நிமிரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி விட்டிருந்தார்கள். அது கழன்ற இடத்தை அழுத்திப் பிடிக்க, மாமா ராத்திரி பகலாகக் குப்புறப் படுத்திருந்தார். "இஸ்திரி போட்டு ஒட்டவச்சிருக்காவ, அசையக்கூடாது" என்பார். நான் கட்டிலுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, கட்டில் ஓரமாகத் தொங்கும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவேன். அவர் கண்ணிலிருந்து சொட்டு மருந்து என் கன்னத்தில் விழும். எல்லாமே மருந்துதானா என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கிறிஸ்மஸுக்குப் பாதிச் சபை பழைய துணியில்தான் வந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கவுனுக்கு ஒரு கைதான் தைத்திருந்தது. அம்மா இன்னொரு கையை ஊக்கால் குத்தி மேலே ஸ்வெட்டர் போட்டுவிட்டாள். ஊக்கு குத்தியபோதெல்லாம் மாமாமேல்தான் கோபம் வந்தது.

குளிர் விட்டு, வாசலில் வெயில் விழ ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா மெஷினுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தார்.

"ஏட்டி, நம்ம வெளயாட்டு ஞாவகம் இருக்கா?"

இல்லாமலா? செருப்பைக் கழற்றினேன். மூச்சை அடக்கினேன். அன்று என்னவோ அப்பா, அம்மா, ஜாக்கெட் கொடுக்க வந்த நர்ஸக்கா எல்லோரும் ஆட்டம் பார்க்கச் சுவரோரம் நின்றார்கள். மாமா வலது கண்ணைப் பொத்தி ஆணியைப் பார்த்தார். நான் வாசலுக்கு வெளியிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி, நிலைக்குள் ஒரு கால் வைத்தேன்.

"பிடிச்சேன்!"

நான் நம்பவில்லை. அவர் திரும்பிப் பார்த்து ஏமாற்றுகிறார் என்றேன். மறுபடி வெளியே போய், குனிந்து வந்தேன். மறுபடியும் நிலையிலேயே பிடித்துவிட்டார். மூன்றாவது தடவையும். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அப்பா கைதட்டினார். நர்ஸக்கா, "இயேசப்பா, இயேசப்பா" என்றார்கள். நான் ஒருத்தி தோற்றதற்கு வீடே இப்படிக் கொண்டாடுகிறதே என்று நான் எல்லோரையும் முறைத்தேன்.

மாமா சாக்கட்டியோடு தவழ்ந்து வந்து, என் கால் விரலுக்கு முன்னால் ஒரு கோடு போட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். என்னைத் தோற்கடித்துவிட்டு அழுவது போல வேறு நடிக்கிறார். நான் அந்தக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தேன். அவர் சிரித்துக்கொண்டே அதே இடத்தில் மறுபடி போட்டார். மறுபடி அழித்தேன். மறுபடி போட்டார்.

மிட்டாய் கொடுத்தார். வாங்கவில்லை. அன்று முழுக்க மாமாவோடு நான் பேசவே இல்லை.