செவலையைக் கறப்பது யார்?

முதலில் ஒத்துக்கொள்கிறேன். பதினோரு வருஷமாக மாடு கறப்பது நான். பால் சங்கத்து உறுப்பினர் அட்டை மட்டும் என் வீட்டுக்காரர் பெயரில். அப்படி எழுதச் சொன்ன புத்திசாலியும் நானேதான்.

இனிமேல் கறக்கிறவர் பெயரில்தான் அட்டையாம், அவருக்குத்தான் சங்கத் தேர்தலில் ஓட்டாம். இன்று காலை அதை விசாரிக்கப் பாரிவாக்கத்துக்கே, எங்கள் கொட்டகைக்கே, ஒரு அதிகாரி அம்மா வந்துவிட்டார்.

"தினம் கறக்கறது யாருங்க?"

"நான்தான் மேடம்" என்றார் நம்மாள், கொஞ்சமும் கூசாமல். "இவ சும்மா கூட நின்னுகினு இருப்பா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்போ கறந்து காட்டுய்யா, நானும் கத்துக்கறேன்" என்றேன்.

மனுஷன் சொம்போடு போய் மாட்டின் இடது பக்கம் உட்கார்ந்தார். செவலையை வலது பக்கம் உட்கார்ந்துதான் கறக்க வேண்டும். அது பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்.

செவலை திரும்பி ஒரு பார்வை பார்த்தது. அடுத்த நொடி சொம்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"அதுக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்ல மேடம்" என்றார், சாணி மேல் உட்கார்ந்தபடியே.

நான் வலது பக்கம் போய், "இன்னாடி, மாமாவப் போய் ஒதைக்கிற?" என்று மடியைத் தடவினேன். சொம்பு நுரை தள்ளி நிறைந்தது.

அதிகாரி அம்மா சிரித்துக்கொண்டே என்னிடம் புதுப் படிவத்தை நீட்டினார். சந்தோஷத்தில் உறுப்பினர் பெயர் என்ற கட்டத்தில் செவலையின் பெயரையும், மாட்டின் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரையும் எழுதிவிட்டேன்.

அவரிடம் வேறு படிவம் இல்லை. அடுத்த படிவம் வரும்வரை சங்கத் தேர்தலில் செவலைக்குத்தான் ஓட்டு.