எண்ணாத மூச்சு

காரைக்குடியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான் நர்ஸ். இருமலும் காய்ச்சலுமாக வருகிறவர்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் பதிந்தால், நிமோனியா எவ்வளவு தீவிரம், அட்மிட் செய்ய வேண்டுமா என்று அது டாக்டருக்கு யோசனை சொல்லும்.

அன்று காலை நல்ல கூட்டம். கோவிலூரிலிருந்து தச்சு வேலை செய்யும் ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்திருந்தார். காய்ச்சல், பிரஷர் எல்லாம் பார்த்தேன். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று மட்டும் எண்ணவில்லை. ஒரு நிமிஷம் நிற்கப் பொறுமையில்லாமல், வழக்கம்போல இருபது என்று தட்டிவிட்டேன். மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பலாம் என்றது கம்ப்யூட்டர். டாக்டரும் அவசரத்தில் சீட்டு எழுதிவிட்டார்.

அதை நீட்டியபோது அந்த அம்மா வாங்கவில்லை.

"நர்சம்மா, ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேச முடியாம இளைக்கிறாக. இவுகளையா வீட்டுக்குப் போகச் சொல்றீக?"

தச்சரின் பக்கத்தில் நின்று, கடிகாரத்தைப் பார்த்தபடி முழு நிமிஷமும் எண்ணினேன். அவ்வளவு நீளமான நிமிஷத்தை நான் கண்டதில்லை. முப்பத்தாறு. இருபதைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

டாக்டரிடம் ஓடினேன். "சார், மூச்சை நான் எண்ணாமலே போட்டுட்டேன்."

அவர் எழுந்து வந்தார். எண்ணை மாற்றியதும், உடனே அட்மிட் செய்யச் சொன்னது கம்ப்யூட்டர்.

ஆறாம் நாள் தச்சர் தானே நடந்து வீட்டுக்குப் புறப்பட்டார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் திரும்பப் பாக்கலேன்னா இவுக எங்களுக்குக் கிடைச்சிருக்க மாட்டாக" என்றார்.

முதலில் நான் எண்ணவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது; நான் தலையாட்டிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனேன். டாக்டரிடம் சொல்ல முடிந்ததை அவரிடம் சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.