இரண்டு விரல் தொய்வு

மாசிலாமணி அண்ணன் போய்விட்டார் என்று அவர் தம்பி வாசலில் வந்து சொன்னபோது, என் முகத்தில் பாதி மழித்திருந்தது, பாதி சோப்பாக இருந்தது. கோலார் தங்கவயலில் தாயைப் பார்க்கப் போன இடத்தில் நெஞ்சுவலி. மாலை நான்கு மணிக்கு அங்கேயே அடக்கம். "ஞாயித்துக்கிழமைகூடப் பார்த்தேனே" என்றேன். இறந்தவர்களைப் பற்றி எல்லோரும் சொல்வதுதான். எனக்கும் அதைவிட நல்லதாக ஒன்றும் வாயில் வரவில்லை.

எங்கள் மர்பி டவுன் பக்கம் வண்டி வைத்திருந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். லாரியோ மோட்டார் சைக்கிளோ, விளக்கு எரியவில்லை என்றால் அவரிடம்தான் போவோம். பொறி பறக்கும் ஒயரை வெறுங்கையால் தொடுகிற மனிதர், தைரியசாலி என்று நீங்கள் சொல்வீர்கள். நான் அறிந்தவரையில் அவரைப்போலப் பயந்த மனிதரைப் பார்த்ததில்லை. அந்தப் பயம்தான் என் மகளைக் காப்பாற்றியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறை தோற்றவன். இராணுவம் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியதும், நீலகிரிவரை போய்வரும் ஆசை பிடித்துக்கொண்டது. மலையில் மூடுபனி இருக்கும், ஒற்றை விளக்கு போதாது என்று இன்னொரு விளக்கும் வாங்கினேன். மாட்டித் தரச் சொன்னால் ஒரு வாரம் ஆகும் என்றார் அண்ணன்.

"ஒரு விளக்குக்கு ஒரு வாரமாண்ணே?"

"விளக்கு மாட்டறது அரை மணி நேரம், கிளார்க்கு. ஒயரு போற வழிய பாக்கறதுக்குத்தான் மீதி நாளு."

எனக்குப் பொறுமை இல்லை. ஒரு சனிக்கிழமை நானே மாட்டினேன். ஸ்டோரில் கோப்புகளைக் கட்டிப் பழகிய கை. ஒயரை வண்டியின் எலும்போடு சேர்த்து, மயிரிழை தொய்வு இல்லாமல் இறுக்கிக் கட்டினேன். "சடை பின்னின மாதிரி இருக்குங்க" என்றாள் என் மனைவி. ஃபியூஸ் மட்டும் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. ஆபீஸில் ஒருவர் யோசனை சொன்னார். சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தை அதன்மேல் சுற்றினேன். பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. படித்திருந்தால் இன்ஜினியராகி இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குப் புறப்பட்டோம். முன்னால் டாங்கின்மேல் ஐந்து வயது மகள் செல்வி, பின்னால் அண்ணன். என் கைவேலையை அவருக்குக் காட்டத்தான் அழைத்துப் போனேன். சாயங்காலம் இறங்கும்போது மூடுபனி சூழ்ந்தது. இரண்டு விளக்கையும் போட்டேன். "எப்படிண்ணே?" என்றேன்.

"வெளிச்சம் நல்லாத்தான் கீது. எனக்கு பயமாவும் கீது."

நான் சிரித்தேன். அடுத்த வளைவில் பஸ் ஒன்று ஏறி வந்தது. அதற்கு இடம் விட, கைப்பிடியை ஓரமாக முழுக்கத் திருப்பி நின்றேன். இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. செல்வி சொன்னாள்: "அப்பா, காலு சுடுது."

பெட்ரோல் டாங்கின்மேல் என் குழந்தை. அதன் அடியிலிருந்து புகை. என் கை பிரேக்கைப் பிடித்தபடி அப்படியே கிடந்தது. எனக்கு அது கை என்பதே மறந்துபோயிற்று. அண்ணன் என் தோளுக்கு மேலாக எட்டிக் குழந்தையைத் தூக்கினார். ஓடிப்போய்ச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு, திரும்பி வந்து, பாட்டரியிலிருந்து கனன்றுகொண்டிருந்த ஒயரை வெறுங்கையால் பிய்த்தார். புகை நின்றது.

பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார். உடம்பு வெடவெடவென்று ஆடியது.

"குளிருதா மாமா?" என்றாள் செல்வி.

"குளிரு இல்ல பாப்பா. பயம்."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஃபியூஸை எடுத்துப் பார்த்தார். "இன்னா கிளார்க்கு இது? ஃபியூஸு நமக்காகத்தான் சாவுது. நீ அத்த சாக வுடாம பண்ணிட்டியே." பிறகு கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார். என் அழகான கட்டு, திருப்பும்போதெல்லாம் ஒயரை இழுத்து இழுத்து இரும்பில் தேய்த்திருந்தது. உறை கிழிந்து செம்பு தெரிந்தது.

விளக்கு இல்லாமல் மலையிறங்க வேண்டும். தம் காக்கிச் சட்டையைக் கழற்றிச் செல்விக்குச் சுற்றினார். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு, வெள்ளைப் பனியனோடு எனக்கு முன்னால் நடந்தார். அந்தப் பனியனைப் பார்த்துக்கொண்டே வண்டியை உருட்டினேன். பனியில் அது மறையும்போதெல்லாம் என் உயிர் மேலே போய் வந்தது. வளைவுக்கு வளைவு நின்று, "கிளார்க்கு, கீறியா?" என்று கூப்பிட்டார். "இருக்கேண்ணே" என்பேன்.

அடுத்த வாரம் அவரே ஒயர் போட்டார். கைப்பிடியை இடமும் வலமும் முழுக்கத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒயருக்கடியில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். நுழைந்தால்தான் அடுத்த கட்டு. புது ஃபியூஸ் போட்டு, அதில் கை வைக்க மாட்டேன் என்று செல்வியின் தலைமேல் என்னைச் சத்தியம் செய்யச் சொன்னார். அவர் உள்ளங்கையில் தழும்பு நின்றுவிட்டது. அதைக் காட்டி, "கிளார்க்கு போட்ட கையெழுத்து" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அடக்கத்துக்குப் புறப்பட்டபோது, "திரும்பறதுக்குள்ள இருட்டிடுங்க, பஸ்ல போங்க" என்றாள் மனைவி. வண்டியில்தான் போனேன். பாதி மழித்த முகத்தோடு அவர் குழியில் ஒரு பிடி மண் போட்டேன். துணியில் மூடியிருந்த அந்தத் தழும்புக் கையை இன்னொரு முறை பார்க்கவேண்டும் போலிருந்தது. கேட்க வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. புறப்படுமுன் கைப்பிடியை இருபுறமும் திருப்பி, ஒயருக்கடியில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தேன். நுழைந்தன. கோலார் ரோடு முழுக்கப் பயந்துகொண்டேதான் வந்தேன். மாசிலாமணி அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பயமும் அந்த இரண்டு விரலும்தான். அவரைப் புதைத்துவிட்டு, அவர் போட்ட வெளிச்சத்தில் வீடு வந்து சேர்ந்தேன். அது ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை.